காதலர் தினமாம், கன்னியம்மன் கடற்கரையில்!

மாசி மகம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்காது. மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த படங்கள் வரிசையாக வந்து விழ ஆரம்பிக்கும். மணலில் நட்ட நாலு குச்சி, அதைச் சுற்றிக் கட்டின பழைய புடவை, மூக்கு ஒழுகும் குழந்தை, பல் போன பாட்டி, சூரிய உதயத்தில் மாலை மாற்றும் ஒரு ஜோடி. எல்லாம் நல்ல கேமரா, நல்ல லென்ஸ். தலைப்புதான் எரிச்சலைக் கிளப்பும்: "பழங்குடிகளின் காதலர் தினம்". கீழே பத்து பேர், "என்ன ஒரு வெள்ளந்தியான மக்கள்!" என்று உச்சுக்கொட்டியிருப்பார்கள்.

இந்த உச்சுக்கொட்டலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும். ஆட்டோ அனுப்ப நினைக்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு அனுப்பவும்.

தெரியாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று வடதமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் இருளர்கள் மாசி மாதப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் முன்னாடியே மூட்டை முடிச்சோடு வந்து மணலில் குடிசை போட்டுவிடுவார்கள். அவர்கள் சாமி கன்னியம்மன். ஒரு காலத்தில் கோவித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். பெரியவர்கள் கெஞ்சிக் கூத்தாடிக் கூப்பிட்டதால் வருஷத்துக்கு ஒருநாள் கரைக்கு வந்து பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டாளாம். அதற்குத்தான் இந்தக் கூட்டம். விடிகாலையில் மணலிலேயே ஏழு படி கட்டி, பூ வைத்து, பழம் வைத்து, கடலைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். ஒருத்தருக்குச் சாமி வரும், குறி சொல்வார். குழந்தைக்கு மொட்டை, காது குத்து எல்லாம் அங்கேயே. கல்யாணமும் அங்கேயே. சில ஜோடிக்கு நிச்சயம் மட்டும் ஆகும், கல்யாணம் அடுத்த மாசிக்கு.

ஐயர் கிடையாது, அவர்கள் பெரியவரே நடத்தி வைக்கிறார். மண்டபம் கிடையாது. நூறு பவுன், ஒரு கார் என்ற பேச்சு கிடையாது. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய வழக்கம்.

எனக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்தால் முப்பது கிலோமீட்டர்தான் மாமல்லபுரம். அதனால் இதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை. சரி, இந்தக் 'காதலர் தினம்' என்ற பட்டத்தில் என்னய்யா கோளாறு?

காதலர் தினம் என்பது என்ன? வருஷத்தில் ஒரு நாள் ரோஜா வாங்கி, கார்டு வாங்கி, மத்த 364 நாளும் "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லித் திரிகிறவர்களின் பண்டிகை. கன்னியம்மன் கடற்கரையில் நடப்பது அது இல்லை. அங்கே வீடே கூட வந்து மணலில் உட்கார்ந்திருக்கிறது. பையனும் பொண்ணும் பார்த்துக்கொள்வதும், பிடித்திருக்கிறது என்று சொல்வதும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பதும் எல்லார் கண்ணெதிரிலும் நடக்கிறது. சாமியும் எதிரே இருக்கிறது. நம்முடைய ஒளிந்து மறைந்து செய்யும் சமாச்சாரத்தின் பெயரைக் கொண்டுபோய் அதற்கு வைத்தால் எப்படி?

போன முறை போயிருந்தபோது ஒரு ஆயா பேச்சுக் கொடுத்தார். நான் படம் எதுவும் எடுக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும் போல.

"இன்னா தம்பி, கேமரா எடுத்தார்லியா?"

"இல்ல ஆயா, சும்மா பாக்கலாம்னு வந்தேன்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல ஆயா. பாத்துட்டு இருக்காங்க."

"யாரு பாக்கறாங்க? நீ பாக்கலையா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மக்களே, இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது? 'பாத்துட்டு இருக்காங்க' என்று தமிழில் சொல்கிறோமே, அதில் எழுவாய் எங்கே போனது? கட்டிக்கப் போறவன் நான், பார்ப்பது 'அவங்க'.

அக்கா எனக்காக ஒரு மேட்ரிமோனி தளத்தில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருக்கிறாள். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான். முதல் பக்கத்திலேயே கேட்கிறான்: மதம், சாதி, உட்பிரிவு, கோத்திரம், நட்சத்திரம், தோஷம் உண்டா இல்லையா. மாத சம்பளம் கேட்கிறான். விசா நிலவரம் கேட்கிறான். என்ன புத்தகம் படிப்பாய், கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும் இடம் எங்கேயோ கடைசியில், நிரப்பினால் நிரப்பு, இல்லாட்டி போ என்று கிடக்கிறது. நாமெல்லாம் பொட்டி தட்டுகிற ஆளுங்கதானே, இதன் அர்த்தம் நமக்குப் புரியும். எந்தக் கட்டம் கட்டாயம், எந்தக் கட்டம் விருப்பம் என்று ஒருத்தன் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அந்த டிராப் டவுனில் நூற்றுக்கணக்கான உட்சாதிகளை அகர வரிசையில் ஏற்றினவன் கோயில் குருக்கள் கிடையாது. பி.இ. படித்த பையன். ஆணி புடுங்கி முடித்துவிட்டு டெஸ்ட் பண்ணி, டெப்லாய் பண்ணி, டீமுக்கு பீட்சா வாங்கிக் கொடுத்திருப்பான்.

ஒரே க்ளிக்கில் நம்முடைய சாதி பதிவாகிவிடுகிறது. அதே செங்கல்பட்டில் ஒரு இருளர் பிள்ளை பழங்குடி என்று சான்றிதழ் வாங்க என்ன பாடு படவேண்டும் தெரியுமா? தாசில்தாரால் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா, தாத்தாவுக்கு இருக்கிறதா என்று கேள்வி. தாத்தா காட்டில் இருந்தார், அவரிடம் என்ன காகிதம் இருக்கும்? நமக்குக் கல்யாணச் சந்தையில் விலையேற்ற உதவும் சாதி, அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையவே தேவைப்படுகிற காகிதம்.

நிற்க. "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" விஷயத்துக்கு வருவோம்.

என் அறைத்தோழன் ஒருத்தன் இருந்தான். நாலு வருஷம் ஒரே டீமில் வேலை பார்த்த பெண்ணைக் காதலித்தான். அவள் டிபன் பாக்ஸில் பாதி இவன்தான் சாப்பிடுவான். ஒருநாள் முடித்துக்கொண்டான். என்னடா என்றால், "அம்மா சாப்பிடாம படுத்துட்டாங்கடா". சரி. இதே பயல் மெக்கானிக்கல் வேண்டாம், கம்ப்யூட்டர்தான் என்று அப்பாவோடு சண்டை போட்டுச் சேர்ந்தவன். அம்மா அழ அழ ஒன்றரை வருஷம் அமெரிக்கா போனவன். கோழிக்கறி பார்க்காத வீட்டில் பிறந்து ஈசிஆர் தாபாவில் எல்லாம் வெளுத்துக் கட்டினவன். இதில் எதற்கும் வீடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் செய்தான், வீடும் பழகிக்கொண்டது. அப்புறம் எப்படி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்ரவணகுமாரனாக மாறினான்?

மனித சுபாவம் என்று நாம் பெரிதாகப் பேசுவதில் இது ஒரு முக்கியமான சமாச்சாரம் என்று தோன்றுகிறது. நமக்கு லாபம் வரும் இடத்தில் அப்பா அம்மாவை மீறுவோம். நஷ்டம் வரும் இடத்தில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். சாதியை விட்டுக் கட்டினால் சொந்தக்காரன் கல்யாணத்தில் முன்வரிசை போய்விடும், பங்கு கிடைக்குமா என்ற கவலை வரும். அதை அப்படியே சொல்ல வெட்கம். அதனால் அம்மா பட்டினி கிடந்தாள். அந்தப் பெண்ணும் நாலு நாள் சாப்பிடாமல்தான் இருந்தாள், அதைக் கணக்கில் எடுக்க யாரும் இல்லை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற பெரிய பாறைச் சிற்பம் இருக்கிறதே, அதில் யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்யும். சுற்றி எலிகள் நம்பி உட்கார்ந்திருக்கும். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு சிற்பி நம்மைப் பார்த்துவிட்டுச் செதுக்கியிருக்கிறான் :-)

2011-12ல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் சாதி மாறிக் கல்யாணம் செய்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர். ஐந்து! செல்போன் வந்தது, இன்டர்நெட் வந்தது, மஹிந்திரா சிட்டியில் கண்ணாடிக் கட்டடம் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாத்தா போட்ட கோட்டைத் தாண்டவில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கச் சாஃப்ட்வேர் எழுதியதுதான் நாம் கண்ட மாடர்ன் லைஃப்.

தாண்டினவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதும் தெரியும். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில் நடுரோட்டில் சங்கரை வெட்டினார்கள். அப்போதெல்லாம், "அது அந்தப் பக்கம், நம்ம படிச்ச வட்டாரத்துல நடக்காது" என்று ஆபீசில் பேசினார்கள். 2025 ஜூலை 27, பாளையங்கோட்டை. கவின் செல்வகணேஷ், 27 வயது, சென்னையில் மென்பொருள் பொறியாளர். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழகின பெண், அவர் சித்த மருத்துவர். வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் தம்பி கைதானார். இதைவிடப் படித்த வட்டாரம் எது? அன்றைக்கு எங்கள் கேன்டீனில் ஒரு அண்ணன் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "பையனுக்கு விவரம் பத்தல, ஊர் நிலவரம் தெரிஞ்சு பழகணும்." நல்ல மனுஷன்தான். கடன் கேட்டால் இல்லையென்று சொல்லாதவர். அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. இதே வாய்தான் மாசி மாசம் வந்தால் இருளர் படத்தைப் பார்த்து "வெள்ளந்தி" என்கிறது. கோபம் வருமா வராதா?

இந்த 'வெள்ளந்தி' என்ற சொல்லே எனக்கு அலர்ஜி. கேட்கிறவனுக்குப் பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில், "உனக்கு ஒன்னும் தெரியாது, நீ அப்படியே இரு, நான் படம் பிடிச்சுக்கறேன்" என்றுதான் அதற்கு அர்த்தம். ஒன்றும் தெரியாதவர்களா அவர்கள்? ஈசிஆரில் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை. பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடி. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குப் பின்னால் நின்றார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பவும் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். (பெயரிலேயே மாசி இருக்கிறது, கவனித்தீர்களா?) மணலில் இருக்கும் ஒரு கோட்டைப் பார்த்து என்ன பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்கிறவன் வெள்ளந்தி. கூகுள் மேப் இல்லாமல் தாம்பரம் தாண்டத் தெரியாத நாம் விவரமானவர்கள். நடத்துங்க.

இப்போது எனக்குத் தெரிந்த ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். "அவங்களும் சொந்த ஜாதிக்குள்ளதானே கட்டறாங்க?" ஆமாம். பெரும்பாலும் அப்படித்தான். நான் அவர்களைச் சாதி ஒழிப்பு வீரர்கள் என்று சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். ஏரிக்கரையில் பத்து வீடு, செங்கல் சூளையில் ஐந்து குடும்பம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றாகப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் வேண்டாமா? வேலி உள்ளே இருக்கிறவனைக் காப்பாற்றவும் போடலாம், வெளியே இருக்கிறவனை அடிக்கவும் போடலாம். தன் பெண்ணைக் கட்டினவனை வெட்ட ஆள் அனுப்பும் வேலியையும் இதையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒருத்தர் வருவார்: "அப்போ அவங்க வாழ்க்கை சொர்க்கமா? ரொம்பத்தான் தூக்கி வைக்கறீங்க." சொர்க்கம் இல்லை ஐயா. சின்ன வயசிலேயே கட்டிக் கொடுப்பது இன்னும் முழுசாகப் போகவில்லை, அது தப்பு, எந்தச் சாமி முன்னாடி நடந்தாலும் தப்பு. 1976லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டாயிற்று. அதற்கப்புறமும் அரிசி ஆலையிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் எத்தனை! நாலாயிரம் ஐயாயிரம் அட்வான்ஸுக்குக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தவர்கள். அவனவன் வீட்டுக் கிரெடிட் கார்டு பாக்கியை விடச் சின்னத் தொகை. சூளை முதலாளி விட்டால்தான் மாசி மகத்துக்கு வரவே முடியும் என்ற நிலைமையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடற்கரை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிடித்தவளை நேருக்கு நேர் பார்த்துப் பேச வருஷத்தில் கிடைக்கும் இரண்டு நாள். அதைத்தான் லென்ஸ் வைத்து 'கலர்ஃபுல்' என்கிறோம்.

பக்திக்கும் இதே கதைதான். அதே மாசி மகத்தன்று ஸ்தலசயனப் பெருமாளும் அதே கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். 108 திவ்ய தேசத்தில் ஒன்று. ஒரே கடல், ஒரே நிலா, ஒரே நாள். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? அதே பெருமாள் கோயில் அன்னதானத்தில்தான் 2021 அக்டோபரில் பூஞ்சேரியைச் சேர்ந்த ஒரு நரிக்குறவர் பெண்ணை, கைக்குழந்தையோடு வந்தவரை, பந்தியில் உட்கார விடாமல் எழுப்பி அனுப்பினார்கள். அவர் பேசின வீடியோ ஊரெல்லாம் பரவியது. அமைச்சர் சேகர்பாபு வந்து அதே கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலினே பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த மற்ற பக்தர்களைப் பற்றித்தான் எனக்கு யோசனை. எழுப்பும்போது பக்கத்து இலையில் இருந்தவர்கள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்களா? ஒரு மந்திரி வந்து உட்கார்ந்தால்தான் இலை விரியும் என்றால், அங்கே யாருக்கு எதன் மேல் நம்பிக்கை இருந்தது?

கோவித்துக்கொண்டு போன சாமியைத் திரும்பக் கூப்பிட பஸ் பிடித்து, நடந்து, மணலில் படுத்துக் கிடக்கிறார்கள் இருளர்கள். நாம் நூறு ரூபாய் டிக்கெட், ஐநூறு ரூபாய் டிக்கெட் என்று வரிசை பிரித்து நிற்கிறோம். நம்ம சாமிக்கும் கோபம் வந்து போயிருக்குமோ என்னவோ, கர்ப்பகிரகத்தில் விளக்கு எரிவதால் யாரும் கவனிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதே மாமல்லபுரத்தில் ரிசார்ட் ரிசார்ட்டாக இப்போது 'பீச் வெட்டிங்' நடக்கிறது. மூங்கில் பந்தல், மண் பானை, கயிற்றுக் கட்டில், விடிகாலையில் கடலைப் பார்த்துத் தாலி. பல லட்சம் பில். அதாவது இருளர் கல்யாணத்தின் அலங்காரம் எல்லாம் நமக்கு வேண்டும். ஆயா கேட்ட கேள்வி மட்டும் வேண்டாம். சாதி பார்த்து, ஜாதகம் பார்த்து, பவுன் பேசி முடித்துவிட்டு அப்புறம் மணலுக்கு வருவோம்.

"சரிப்பா, நீ என்ன செய்யச் சொல்ற? அருவா எடுக்கறவன் முன்னாடி நாங்க என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அது பெரிய வேலை. அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இந்துக்களுக்குள் என்றால் 1967ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கிறது, மாலை மாற்றினாலே போதும். மதம் மாறிக் கட்டுகிறவர்களுக்கு 1954ன் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் போய் மனு கொடுத்தால் பெயர், முகவரி எல்லாம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று முப்பது நாள் காத்திருக்க வேண்டும். ஓடி வந்த பெண்ணின் விலாசத்தைத் தேடி அலைகிற அண்ணனுக்கும் மாமனுக்கும் அரசாங்கமே எழுதி ஒட்டி வைக்கிறது. இந்த நோட்டீஸ் கட்டாயமில்லை, ஜோடி விரும்பினால் மட்டும் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. நம்ம ஊர்ப் பதிவாளர் ஆபீஸ் போர்டில் இன்னமும் ஒட்டுகிறார்கள்.

நண்பன் ஒருத்தனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனபோது அந்தப் போர்டைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு, உள்ளே ஆறு ஜோடிகளின் பெயர், கதவு எண், தெரு எண். இரண்டு பேர் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.